தக்கையா, பஞ்சுத் திணிப்பா?

பழைய துப்பாக்கிகளைப் பற்றிய படங்களுக்குக் கொடுக்கும் தமிழ்க்குரலில் இப்படி ஒரு வரி வராமல் இருப்பதில்லை: “வீரன் துப்பாக்கிப் பொடியைக் கொட்டி, பஞ்சுத் திணிப்பை வைத்து, மினி பந்தை உள்ளே தள்ளினான்.” மூன்று பொருள், மூன்றுக்கும் தப்பான பெயர். பொடிக்கும் பந்துக்கும் அப்புறம் வருகிறேன். பஞ்சுத் திணிப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் அதை வாட் என்பார்கள். குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் ரைபிளில், வெடிமருந்துக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவே வைக்கிற வட்டத்துண்டு அது. கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட்டிலோ தடித்த அட்டையிலோ குழலின் அளவுக்கு வெட்டியிருப்பார்கள். சொல்லின் பிறப்பு தெளிவாக இல்லை. ஜெர்மனில் வாட்டெ, பிரெஞ்சில் உவாட் என்று ஐரோப்பிய மொழிகளில் அதன் உறவுக்காரச் சொற்கள் பஞ்சைக் குறிக்கின்றன. ஆங்கிலத்திலும் அகராதியைத் திறந்தால் பஞ்சுச் சுருளும் துணிச் சுருளும்தான் முதலில் கண்ணில் படும். அங்கேயே நின்றுவிட்டவர் எழுதியதுதான் பஞ்சுத் திணிப்பு.

தமிழில் இதற்குத் தக்கை போதும். குப்பியின் வாயை அடைப்பது தக்கை. தூண்டில் கயிற்றில் மிதப்பதும் தக்கை. இரண்டாவது பொருளால் குழப்பம் வரும் என்று சிலர் தயங்குகிறார்கள். துப்பாக்கிக் குழலுக்குள் யாரும் மீன் பிடிப்பதில்லை, விடுங்கள்.

திணிப்பு ஏன் கூடாது? தலையணைக்குள் பஞ்சைத் திணிக்கிறோம், இடம் நிரம்புவதற்காக. தக்கையின் வேலை நிரப்புவதல்ல, அடைப்பது. ரைபிள் குழலின் உட்சுவரில் திருகலாக வெட்டிய பள்ளங்கள் ஓடுகின்றன. மருந்து எரிந்ததும் கிளம்பும் சூடான வாயு, குண்டை முந்திக்கொண்டு அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியேறப் பார்க்கும். தூய ஈயம் மிருதுவானது. வாயு உரசிப் போனால் குண்டின் அடிவிளிம்பு அரிபடும். அடி சிதைந்த குண்டு நேராகப் போகாது. குண்டுக்குக் கீழே இறுக்கமாக உட்கார்ந்து வாயுவை மறிப்பதுதான் தக்கை. 19ஆம் நூற்றாண்டில் காகிதம் சுற்றிய நீளக்குண்டுகளைக் கொண்டு தொலைதூர இலக்குப் போட்டிகளில் சுட்டவர்கள் இதில் அவ்வளவு கவனம் காட்டியது சும்மா இல்லை.

ஃபெல்ட் தக்கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்து ஊறவைத்தால், குழலில் படியும் கரிக்கசடு இறுகாமல் இளகி நிற்கும். அடுத்த குண்டு சிரமமில்லாமல் இறங்கும். ஆனால் கொழுப்பு மருந்தில் இறங்கினால் மருந்து கெடும் என்பதால், ஃபெல்ட்டுக்கு அடியில் உலர்ந்த அட்டைத் தக்கை ஒன்றையும் வைப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தக்கை, இரண்டுக்கும் வேறு வேறு வேலை. இதைப் போய் ‘இரண்டு பஞ்சுத் திணிப்புகள்’ என்று எழுதினால் வாசகருக்கு என்ன விளங்கும்? மெத்தைக் கடை ஞாபகம்தான் வரும். போதாததற்குப் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கிற பொருள் வேறு.

எதிர்க்கட்சியின் நல்ல வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நாட்டுத் துப்பாக்கியில் தேங்காய் நாரை உருட்டி அடைப்பார்களே, அது திணிப்பதுதானே என்பார்கள். சரி, செயலைத் திணிப்பது என்று சொல்லுங்கள். அதற்கும் ‘கெட்டிப்பது’ என்று ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே போன பொருளுக்குப் பெயர் அதன் வேலையால் அமையட்டும். ரவை, அதாவது பொடி ஈயக்குண்டுகள், போட்டுச் சுடும் துப்பாக்கியில் மருந்தின் மேல் ஒன்று, ரவை கொட்டிவிடாமல் அதன் மேல் ஒன்று என்று வைக்கிறார்கள். மருந்துத் தக்கை, ரவைத் தக்கை என்றால் கேட்டவுடனே இடம் தெரிகிறது. திணிப்பை வைத்து இப்படிப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘அடைப்பான்’ என்று எழுதுகிறார்கள். அடைப்பது என்ற பொருளைப் பிடித்ததற்குப் பாராட்டலாம். ஆனால் மாடு வளர்ப்பவரிடம் அடைப்பான் என்று சொன்னால் ஆந்த்ராக்ஸ் நோய் வந்துவிட்டதாகப் பதறிப்போவார். புதுச்சொல் ஆக்குமுன் அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டாமா? தக்கை தமிழ்ச்சொல்தான். இத்தனைக்கும் துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியின் துஃபெக்கிலிருந்து கிளம்பி வந்தது. அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இனிப் பொடி. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த இந்த மருந்து நுண்பொடியாக இருப்பதில்லை, குருணையாக இருக்கும். குருணையின் பருமன்தான் எரியும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் எஃப் என்ற எழுத்தை அடுக்கித் தரம் பிரிக்கிறார்கள்: எஃப் கூடக்கூடக் குருணை சிறுக்கும், வேகம் ஏறும். குழலின் உள்விட்டம் 45 காலிபரும் (அங்குலத்தில் நூறில் 45 பங்கு) அதற்குக் கீழும் என்றால் மூன்று எஃப், 50க்கு மேல் இரண்டு எஃப் என்பது பொதுவான வழக்கம். நான்கு எஃப், சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் பொறி விழும் சிறு கிண்ணத்துக்கு மட்டும். துப்பாக்கிப் பொடி என்று எழுதுகிறவர் இத்தனையையும் அரைத்து ஒரே டப்பாவில் போட்டுவிடுகிறார். அதைவிட மோசம், நவீனத் துப்பாக்கிகளின் புகையில்லா மருந்தும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் பழைய குழலில் போட்டால் அழுத்தம் தாங்காமல் குழலே வெடிக்கும். நம் செய்தித்தாள்களில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தியோடு சேர்ந்து வரும் ‘கரிமருந்து’ எவ்வளவு துல்லியம்! சீனர்களும் அதை ஹுவோயாவ், தீமருந்து, என்றுதான் சொல்கிறார்கள்.

மினி பந்து மினியும் இல்லை, பந்தும் இல்லை. பிரெஞ்சு அதிகாரி மினியே 1849இல் கொண்டுவந்த கூம்புக்குண்டு அது. அடியில் குழிவாக இருக்கும். சுட்டதும் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். அதனால் உருண்டைக்குண்டுக்குச் சுற்றும் எண்ணெய்த்துணி இதற்குத் தேவைப்படவில்லை. உருண்டைக் காலத்துப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் பால் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மினியே குண்டு என்றால் தீர்ந்தது. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் குண்டில் அந்தக் குழிக்குள் மரத்துண்டு ஒன்றையும் செருகினார்கள், பின்னாளில் சுட்ட களிமண்ணில். அதையும் தக்கை என்று எழுதிவிடாதீர்கள். குண்டை விரியச் செய்வது அது, ஆகவே ஆப்பு.

குண்டைத் தோட்டா என்பதும் இங்கே ஒட்டாது. மருந்தும் குண்டும் ஒரே உறையில் இருந்தால் தோட்டா. 1857இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த கொழுப்பு தடவிய காகித உறை தோட்டா. அதற்குள் இருந்த ஈயம் குண்டு. மருந்தைத் தனியே அளந்து கொட்டித் தனியே குண்டு இறக்குகிற இடத்தில் தோட்டாவுக்கு வேலையே இல்லை. எடை அலகான கிரெய்னைத் ‘தானியம்’ ஆக்கி, ‘70 தானியங்கள் மருந்து’ என்று ஒரு படத்தில் வாசித்தார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். கிரெய்ன் என்றே எழுதலாம், தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது.