ஆறு வயசுல புள்ள ஒல்லியாத்தான் தெரியும்

சென்னையில எந்த கல்யாண மண்டபத்துக்கு போனாலும் ஒரு பெரியம்மா இருப்பாங்க, "என்னடி, புள்ள துரும்பா இளைச்சு போயிருக்கு, சோறே போடறதில்லையா"ன்னு கேட்டுட்டு அவங்க பாட்டுக்கு பந்திக்கு போயிடுவாங்க, அம்மாக்காரிக்கு அன்னிக்கு தூக்கம் போச்சு. ஆனா அஞ்சு, ஆறு வயசுல ஒல்லியா தெரியறது பெரும்பாலும் வளர்ச்சியோட கணக்குதான்.

பிறந்த மொத வருஷம் கொழுப்பு வேகமா சேரும், அந்த தொடை மடிப்பெல்லாம் அதான். நடக்க ஆரம்பிச்சப்புறம் உயரம் முந்திக்கும், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற அளவு) இறங்கிட்டே வந்து அஞ்சாறு வயசு வாக்குல அடியத் தொட்டுட்டு மறுபடி ஏறும். அந்த ஏத்தம் மூணு, நாலு வயசுலயே ஆரம்பிச்சா பின்னாடி உடல் பருமன் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, அதாவது அந்த வயசுல எல்லாரும் கன்னத்த கிள்ளி கொஞ்சுற கொழுகொழு குழந்தையத்தான் கொஞ்சம் கவனிக்கணும்.

113 செ.மீ. உயரம், 18 கிலோ எடைன்னு ஒரு ஆறு வயசு பையன எடுத்துக்குங்க. எடைய 1.13ஆல ரெண்டு தடவ வகுத்தா 14.1 வரும், அதான் அவனோட பிஎம்ஐ. பெரியவங்களுக்கு 18.5க்கு கீழ போனாலே எடை கம்மின்னு அர்த்தம், இவனுக்கோ 14.1 நார்மல். அதனாலதான் டாக்டருங்க வயசுவாரி சார்ட் பாக்குறாங்க, 5 வயசுலேருந்து 18 வரைக்கும் இந்திய குழந்தைகள் மருத்துவர் சங்கம் 2015ல போட்ட சார்ட் இருக்கு. அதிக எடை, உடல் பருமன்னு சொல்ல பெரியவங்களுக்கு வச்சிருக்குற 25, 30 அளவுக்கு பதிலா அதுல 23, 27க்கு சமமான கோடு போட்டிருப்பாங்க, ஏன்னா ஒரே பிஎம்ஐல நம்மாளுங்களுக்கு கொழுப்பு அதிகம், தசை கம்மி.

இதுக்கு 2004ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு போட்டோ செம உதாரணம். புனே டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின், ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! இது பிறக்கும்போதே இருக்கு, புனே கிராமங்கள்ல பிறந்த குழந்தைங்க சராசரி 2.7 கிலோதான், தசை ரொம்ப கம்மி, கொழுப்பு மட்டும் அவ்வளவா குறையல.

ஜிம்ல இருக்குற கொழுப்பு அளக்குற மெஷின்ல புள்ளைய ஏத்திப் பாக்காதீங்க. அது பாதம் வழியா லேசா கரண்ட் விட்டு, எவ்வளவு தடுக்குதுன்னு பாத்து (தண்ணி நிறைஞ்ச தசை கடத்தும், கொழுப்பு தடுக்கும்) மிச்சத்த ஃபார்முலா வச்சு ஊகிக்குது, அந்த ஃபார்முலா பெரும்பாலும் பெரியவங்களுக்கானது. அதுக்கு டெய்லர் டேப்பே தேவலாம், இடுப்பு சுத்தளவு உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், மேல சொன்ன பையனுக்கு 56 செ.மீ. வரைக்கும் ஓகே.