டர்பனில் 2,800, ஜோகன்னஸ்பர்க்கில் 2,550

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வி8 எஞ்சின் கொண்ட செவர்லே லுமினாவை வாங்கி, அதற்குப் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பொருத்தி முடித்த இளைஞர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான்: “அண்ணா, 2,800 ஸ்டால் போடலாமா, 3,500 போடலாமா?” கார் நிற்கும்போது ஆட்டோமேட்டிக் காரின் டார்க் கன்வர்ட்டர் எஞ்சினை நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை ஏறவிடும் என்பதே அந்த எண். செருப்பு அளவைப் போல அதுவும் கன்வர்ட்டரோடு கூடவே வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஞ்சின், கன்வர்ட்டர், வண்டி ஓடும் ஊரின் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன.

ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அந்த உருண்டையான எஃகுக் கூட்டுக்குள் விசையைக் கடத்துவது எண்ணெய். எஞ்சினோடு சுற்றும் பம்ப் எண்ணெயை வெளிவிளிம்புக்கு வீசி, எதிரே உள்ள டர்பைன் தகடுகளில் மோதவைக்கிறது. டர்பைன் கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. வண்டி புறப்படும்போது டர்பைனிலிருந்து வெளியேறும் எண்ணெய், பம்ப்பின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. அதை அப்படியே விட்டால் பம்ப்புக்குத் தடைதான். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் அந்த எண்ணெயை மடக்கி, பம்ப் சுற்றும் திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கியர்பெட்டிக்குக் கிடைப்பது இதனால்தான். 1905இல் கப்பல்களுக்காக இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்ற ஜெர்மானியர் ஹெர்மன் ஃபெட்டிங்கரின் சிந்தனை, இன்றும் பெரிதாக மாறாமல் நம் கார்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

டர்பைன் அசையாமல் நிற்கும்போது எஞ்சினை முழுவதும் முடுக்கினால், அதன் சுழற்சி ஓர் அளவுக்கு மேல் ஏறாது. அந்த அளவுதான் ஸ்டால் வேகம். பம்ப்பைச் சுற்றத் தேவையான முறுக்குவிசை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பவும் உயர்கிறது. ஐந்தாம் அடுக்கு என்பது சாதாரணமானதல்ல. 12 அங்குலக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு அதே வடிவில் 10 அங்குலத்தைப் பொருத்தினால், 1,800இல் இருந்த ஸ்டால் 2,800ஐத் தாண்டிவிடும். தகடுகளின் கோணத்தையும் ஸ்டேட்டரின் வடிவத்தையும் மாற்றி மீதியைச் சரிசெய்கிறார்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், எஞ்சினின் முறுக்குவிசைக்கு வர்க்கமூலம் எடுத்து, கன்வர்ட்டருக்கே உரிய ஒரு மாறிலியால் பெருக்கினால் ஸ்டால் வேகம் கிடைக்கும். கடலோர டர்பனில் 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மாறிலி 140 என்றால் ஸ்டால் 2,800. அதே காரை என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓட்டிச் செல்லுங்கள். அந்நகரம் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் முறுக்குவிசையும் அதே அளவு குறைந்து 333க்கு வந்துவிடும். ஸ்டால் 2,550. கன்வர்ட்டரில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை! ஜோகன்னஸ்பர்க் பக்கம் டிராக் (நேர்கோட்டு) பந்தயம் ஓட்டுபவருக்குப் பொருந்தும் கன்வர்ட்டர் கடலோரத்தில் ஓட்டுபவருக்கு அப்படியே பொருந்தாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்வது? முதலில் கேம்ஷாஃப்டைப் பாருங்கள். பெரிய கேம் தாழ்ந்த சுழற்சியில் எஞ்சினைச் சோர்வாக்கி, உயர்ந்த சுழற்சியில் உயிர்ப்பிக்கிறது. முறுக்குவிசை நன்றாக ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஸ்டால் அமைந்தால் போதும். தெருவில் ஓடும் காருக்கு அதற்கு மேல் ஆயிரம் சுழற்சி கூட்டி வாங்குவது வீண் செலவு. வண்டியின் எடையும் பின் அச்சின் பல் விகிதமும் அடுத்து வருபவை.

3,000 ஸ்டால் போட்டால் 3,000 சுழற்சி வரும்வரை கார் நகராது என்ற அச்சம் பலருக்கும் உண்டு. அது தவறு. சமதரையில் சீரான வேகத்தில் போக 100 நியூட்டன் மீட்டரே தேவை என்றால், மேலே சொன்ன கன்வர்ட்டர் அந்த அழுத்தத்தில் 1,400 ஸ்டால் கொண்டதாகவே நடந்துகொள்ளும். மென்மையாக மிதித்தால் கார் மென்மையாகவே கிளம்பும். தொல்லை ஏற்றத்தில் வருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே டவுன் ஹில் என்ற நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஆள் ஏற்றி ஏறும்போது முறுக்குவிசை எகிறுகிறது. பம்ப்புக்கும் டர்பைனுக்கும் இடையிலான நழுவலும் கூடுகிறது. நழுவியதெல்லாம் வெப்பம். ஆகவே நெடுஞ்சாலையில் ஓட்டும் காருக்கு, பம்ப்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டி நழுவலை நிறுத்தும் லாக்-அப் கிளச் இல்லாத கன்வர்ட்டரை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

வெப்பத்தின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி 300 நியூட்டன் மீட்டரில் 2,500 சுழற்சிக்கு முடுக்கினால், ஏறத்தாழ 78 கிலோவாட் முழுவதும் எண்ணெயைச் சுடவைக்கவே போகிறது. எட்டு லிட்டர் எண்ணெய் நொடிக்கு ஐந்தாறு டிகிரி சூடேறும். பத்து நொடியில் 55 டிகிரிக்கு மேல் கூடிவிடும். ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்குள் முடியுங்கள். உடனே நியூட்ரலில் போட்டு ஆறவிடுங்கள்.

கன்வர்ட்டர் கட்டுபவரிடம் ஒற்றை எண்ணைச் சொல்லாமல் கேமின் விவரம், வண்டியின் எடை, பல் விகிதம், டயர் அளவு, எந்த ஊரில் ஓட்டுகிறீர்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். தனி ஆயில் கூலரையும் எண்ணெய் வெப்பமானியையும் அன்றே பொருத்திவிடுங்கள். டவுன் ஹில் உச்சியில் முள் 120 டிகிரியைத் தாண்டினால் பெரிய கூலர் வேண்டும். அதன் பிறகும் தாண்டினால் ஸ்டாலைக் குறைக்கத்தான் வேண்டும்.