துவைத்த தண்ணீர் செடிக்கு ஆகுமா?

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. "மெஷின் தண்ணியை மணல், ஜல்லி போட்டு வடிகட்டித்தான் விடறோம் சார். அப்படியும் ஏன் கருகுது?" என்று கறிவேப்பிலையைக் காட்டிக் கேட்டார் அந்த அம்மா. இலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்திருந்தது. வேரைச் சுற்றி மண்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். இறங்காமல் சேறாக நின்றது.

ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019 கோடைக்குப் பிறகு, குளித்த தண்ணீரையும் துவைத்த தண்ணீரையும் செடிக்குத் திருப்பிவிடும் வீடுகள் நிறைய. நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு விட வேண்டும்.

மணல் வடிகட்டி நூலையும் முடியையும் பிடிக்கும். கரைந்த உப்பைப் பிடிக்காது. சலவைத்தூளில் சோடா உப்பு, சோடியம் சல்பேட் என்று சோடியம் வகைகள்தான் அதிகம். களிமண்ணில் சோடியம் ஏறினால் மண் துகள்கள் பிரிந்து போய்த் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. போதாததற்கு அந்த வீட்டில் உப்புத்தண்ணீருக்காக சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் கருவி) வேறு வைத்திருந்தார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தருகிறது. கரைந்த உப்பை மொத்தமாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் இது தெரியாது; சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணாடி டம்ளரில் மழைநீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, கலக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்தால் பயமில்லை. அதைச் சுற்றிப் பால் கலந்தது மாதிரி புகைமண்டினால் சோடியம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டு மண் அரை மணி நேரத்திலேயே டம்ளரைக் கலக்கிவிட்டது.

சலவைத்தூள் கலந்த முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டு, கடைசியாக அலசும் தண்ணீரை மட்டும் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்னேன். வெளிக்குழாயைக் கையால் மாற்றிப் போட்டாலே போதும். மண்ணுக்கு ஜிப்சம்; அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், மழை அதைக் கீழே கொண்டுபோகும்.

தேக்கி மட்டும் வைக்காதீர்கள். ஒரு நாள் தாண்டினால் கிருமி பெருகி நாறும், கொசுவும் வரும். குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீர், நோயாளியின் துணி துவைத்த தண்ணீர் இரண்டும் தோட்டத்துக்கு வேண்டாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவுக்கு எந்தக் கழிவுநீரும் கூடாது. 'பாட்டி காலத்தில் கொல்லைப்புற வாழைக்கு விட்டோமே' என்பார்கள். பாட்டி பாத்திரம் தேய்த்தது சாம்பலிலும் புளியிலும். வாழை அதேதான், தண்ணீர்தான் வேறு.

கார்த்திகை மழை ஓய்ந்து மறுபடி போனபோது அந்த அம்மாவே டம்ளரை எடுத்துவந்து காட்டினார். கட்டி உதிர்ந்திருந்தது, புகை லேசாகத்தான் இருந்தது. இன்னொரு முறை ஜிப்சம் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.