தழைக்கும் மல்லி ஏன் பூப்பதில்லை?

வீட்டில் குண்டுமல்லி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: செடி புதராக வளர்ந்துவிட்டது, இலை கருகருவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. உரக்கடையில் எதையாவது வாங்கிப் போடுவதற்கு முன், செடியைக் கடைசியாக எப்போது வெட்டினோம் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் வெட்டியே இருக்க மாட்டோம்.

மல்லியின் மொக்கு பழைய கட்டையில் வருவதில்லை. புதிதாக விடும் தளிரின் நுனியில்தான் கொத்தாக வரும். எனவே பூவின் எண்ணிக்கை என்பது புதுத்தளிரின் எண்ணிக்கைதான். வெட்டாமல் விட்ட கிளையோ நுனியில் மட்டும் நீண்டுகொண்டே போகும். காரணம், நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன். அது தண்டு வழியாகக் கீழே இறங்கி, இலைக்கணுக்களில் இருக்கும், கிளையாக வளரக்கூடிய பக்க மொட்டுகளை விழிக்க விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை நறுக்கினால் அந்தத் தடை போய்விடும். மல்லியில் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டுகள் காத்திருக்கும். ஒரு நுனியை வெட்டினால் இரண்டு தளிர், சில நேரம் அதற்கு மேலும் வரும்.

விவசாயிகள் இதைக் கவாத்து என்கிறார்கள். தமிழ்நாட்டில் நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் செடி முழுவதையும் வெட்டிவிடுவார்கள். காய்ந்த குச்சி, நோஞ்சான் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் போய்விடும். முதல் முறை செய்யும்போது கை கூசும். செடியைக் கொன்றுவிட்டோமோ என்றுகூடத் தோன்றும். மார்ச்சில் மொக்கு வரத் தொடங்கியதும் அந்தப் பயம் போய்விடும். அதோடு நிறுத்தக் கூடாது. சீசனில் ஒரு கொத்து பூத்து முடிந்ததும், அதற்குக் கீழே இரண்டு இலை சேர்த்துக் கிள்ளிவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தளிர் வரும்.

அடுத்தது வெயில். சுவர் நிழலில் இருக்கும் மல்லி நன்றாகவே தழைக்கும், பூக்கத்தான் மாட்டேன் என்னும். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிப் போட்டாலும் இதே கதிதான், இலை பெருகும், மொக்கு குறையும். வேளாண் பரிந்துரையிலேயே மல்லிக்குச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தலா 120 கிராம் என்று இருக்கிறது. தழைச்சத்து மற்றவற்றில் பாதிதான். இதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு தடவை, ஜூன்-ஜூலையில் ஒரு தடவை கொடுப்பார்கள். அது தோட்டத்துச் செடிக்கான கணக்கு. தொட்டிச் செடிக்கு மிகவும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் தளிரிலை மாறினால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அது வேருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடும். லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து இலையில் தெளித்தால், இரும்பு வேர் வழியாக வரவேண்டியதில்லை.

சரி, மணத்துக்கு வருவோம். எனக்கு இந்தச் செடியில் மிகவும் வியப்பானது அதுதான். சந்தைக்குப் போகும் மல்லியை விடியற்காலையில், விரியாத மொக்காகவே பறித்துவிடுகிறார்கள். அப்போது முகர்ந்தால் பெரிதாக வாசனை இருக்காது. அதே மொக்கு சாயங்காலம் விரிந்து தெருவையே தூக்கும். செடியை விட்டு வந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இந்த மணம் எங்கிருந்து வருகிறது?

பறித்த மொக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மணப்பொருள்களில் சில அதற்குள் சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து கிடக்கும். பிணைப்பில் இருக்கும்வரை அவை காற்றில் பறக்காது. பூ விரியும் நேரத்தில் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டி லினலூல் போன்றவற்றை விடுவிக்கின்றன. கூடவே பென்சைல் அசிடேட், இண்டோல் போன்றவையும் வெளிப்படும். இண்டோல் மலத்திலும் இருக்கும் பொருள், செறிவாக இருந்தால் மூக்கைப் பொத்த வைக்கும். துளியளவு சேரும்போதுதான் மல்லிக்கு அந்தக் கனமான மயக்கம் வருகிறது. இரவில் மணப்பதும் வெள்ளையாக இருப்பதும் அந்திப்பூச்சிகளுக்கான அழைப்பு.

சீனாவின் ஃபூசோ நகரில் இந்த இயல்பை வைத்தே மல்லித் தேயிலை செய்கிறார்கள். பகலில் பறித்த மொக்குகளை இரவில் விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்து வைத்தால், பூ விடும் மணத்தை இலை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊரில் பூவை ஃபிரிட்ஜில் வைப்பதும் இதன் மறுபக்கம்தான். குளிர்ச்சி நொதிகளை மந்தமாக்குவதால் மொக்கு விரியத் தாமதமாகும்.

அடுக்கு இதழ் உள்ள மல்லி விதை வைப்பது அரிது. அதனால் போத்து (வெட்டிய தண்டுத் துண்டு) நட்டோ, கிளையை மண்ணில் புதைத்து வேர்விட வைக்கும் பதியன் போட்டோதான் பெருக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மணலில் வேர்விட்ட நாற்றுகள் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. வாங்கும்போது வேர் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பூ வரத் தொடங்கியதும் ஒரு தொல்லை வரும். மொக்கில் சிறு துளை தெரிந்தால் உள்ளே மொக்குப்புழு இருக்கும். அந்த மொக்குகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள், செடியடியில் போடாதீர்கள். அப்புறம், மார்கழியில் பூ இல்லையே என்று தண்ணீரும் உரமும் கொட்ட வேண்டாம். குளிரில் மல்லி மெதுவாகத்தான் வளரும், அந்த மாதங்களில் சந்தையில் விலை எகிறுவதும் அதனால்தான்.