18 வயதிலும் பாய் நனைவது ஏன்?

பிளஸ் டூ முடித்து, நல்ல மார்க் வாங்கி, வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்த பிறகு ஒரு பையன் "நான் போகலை, இங்கேயே ஏதாவது படிக்கிறேன்" என்று பிடிவாதம் பிடித்தால், உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஹாஸ்டல் அறையில் விடியற்காலையில் படுக்கை நனைந்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற பயம்தான் அது என்பது பெரும்பாலும் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.

5 வயதில் சுமார் 15% குழந்தைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள், 10 வயதில் அது 5% அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு வருடமும் நனைப்பவர்களில் ஏறத்தாழ 15% பேருக்குத் தானாகவே நின்றுபோகிறது. மீதிப் பேர்? ஹாங்காங்கில் 16 முதல் 40 வயது வரையுள்ளவர்களிடம் நடத்திய ஆய்வில் 2.3% பேருக்கு இது சிறு வயதிலிருந்தே தொடர்வது தெரியவந்தது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாரத்தில் 3 இரவுகளுக்கு மேல் நனைத்தார்கள். ஆகவே "வளர்ந்தா சரியாயிடும்" என்பது 6 வயதுக்குச் சரியான பதில். 16 வயதுக்கு அதையே சொல்லிக் காத்திருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? இருட்டியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாக வரும். அது சிறுநீரகக் குழாய்களின் சுவரில் தண்ணீருக்கென்றே உள்ள நுண்ணிய வாசல்களைத் திறந்துவிட, சிறுநீராகப் போகவேண்டிய தண்ணீர் இரத்தத்துக்கே திரும்பிவிடும் (இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது). நம்மில் பலர் 8 மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்குவது இந்த ஹார்மோன் புண்ணியத்தில்தான். சிலருக்கு இரவில் அது போதுமான அளவு ஏறுவதில்லை, பகலைப் போலவே சிறுநீர் ஊறிக்கொண்டிருக்கும். வேறு சிலருக்கு ஊறுவது சரியான அளவுதான், ஆனால் சிறுநீர்ப்பை முழுதாக நிறையும் முன்பே அதன் தசை சுருங்கி வெளியே தள்ளிவிடுகிறது.

இந்த இரண்டில் எது இருந்தாலும் தூக்கம் கலைந்தால் எழுந்து போய்விடலாமே. அதுதான் இவர்களுக்கு நடப்பதில்லை. "கும்பகர்ணன் மாதிரி தூங்குறான்" என்று திட்டுகிறோம், ஆனால் தூக்கப் பரிசோதனைகளில் பல பிள்ளைகளின் தூக்கம் இரவெல்லாம் அரைகுறையாகக் கலைந்து கலைந்து சேர்வதுதான் தெரிந்தது. பையிலிருந்து வரும் சமிக்ஞை மூளையைத் தொடுகிறது, முழுவதும் எழுப்புவதில்லை. இதில் சோம்பலுக்கோ திமிருக்கோ இடமே இல்லை. பெற்றோரில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 44%, இருவருக்கும் இருந்திருந்தால் 77% வாய்ப்பு உண்டு. அடிக்கக் கை ஓங்கும் அப்பா, தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.

இதையெல்லாம் விட எளிதான காரணம் ஒன்றிருக்கிறது, பலர் அதை யோசிப்பதேயில்லை: மலச்சிக்கல். சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே மலக்குடல் இருப்பதால், அது அடைத்துக்கொண்டிருந்தால் பைக்கு விரிய இடமிருக்காது. அதேபோல, பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடித்து, டியூஷனுக்கு முன்னால் காபியும் குடிக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! தண்ணீரைக் குறைக்க வேண்டாம், பகலுக்கு நகர்த்தினால் போதும்.

சிகிச்சையில் நான் முதலில் சொல்வது ஈர அலாரத்தைத்தான். 1904இல் குழந்தை மருத்துவர் ஃபவுண்ட்லர், படுக்கை நனைந்ததை நர்ஸுக்குத் தெரிவிக்க ஒரு மணி அமைத்தார், பிள்ளைகள் நனைப்பதே குறைந்துவிட்டது. 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதியர் அதைச் சிகிச்சையாகவே ஆக்கினார்கள். உள்ளாடையில் ஒரு உணரி, முதல் சொட்டிலேயே சத்தம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் தரும், ஆனால் 2, 3 மாதம் விடாமல் செய்யவேண்டும். முதல் சில வாரம் அலாரத்துக்கு வீட்டில் எல்லோரும் எழுவார்கள், பிள்ளை மட்டும் எழாது, யாராவது எழுப்பி முழு நினைவோடு கழிப்பறைக்கு நடத்தவேண்டும். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருந்த பிறகுதான் நிறுத்தலாம். தூக்கக் கலக்கத்திலேயே 2 மணிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போகவைப்பது அன்றைய மெத்தையைக் காப்பாற்றும், மூளைக்கு எதையும் கற்றுத்தராது.

மாத்திரை என்றால் டெஸ்மோபிரெசின், அதாவது வாசோபிரெசினின் செயற்கை வடிவம். ஹாஸ்டல், சுற்றுலா, கல்யாண வீடு போன்ற இரவுகளுக்குக் கைகொடுக்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவரும். ஒன்றை மறக்கவே கூடாது: மாத்திரைக்கு 1 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை தண்ணீரை மிகவும் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் சோடியம் விழுந்து வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவர் எழுதித் தராமல் வாங்கவே வேண்டாம்.

6 மாதத்துக்கு மேல் நின்றிருந்து திடீரென்று மறுபடி தொடங்கினால் கதை வேறு. அதோடு தாகமும் எடை குறைவும் இருந்தால் சர்க்கரையை உடனே பார்க்கவேண்டும். எரிச்சல், பகலிலும் கசிவு, கால்களில் பலவீனம், மூச்சுத் திணறும் குறட்டை இவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

வளர்ந்தவர்கள் போகவேண்டியது சிறுநீரியல் மருத்துவரிடம். போகுமுன் 3, 4 நாள் கணக்கு எழுதுங்கள்: எப்போது எவ்வளவு குடித்தீர்கள், பகலில் ஒரு தடவைக்கு அளவுக் கோப்பையில் எத்தனை மில்லி, மலம் எப்படி. இரவில் பேட் கட்டிக்கொண்டு, காலையில் அதைச் சமையலறைத் தராசில் நிறுத்து, காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் வரும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி, அதோடு காலையில் முதலில் போகும் சிறுநீரையும் கூட்டுங்கள். ஊறுவது அதிகமா, பை கொள்வது குறைவா என்று அந்த நோட்டைப் பார்த்ததுமே மருத்துவருக்குப் பெருமளவு பிடிபட்டுவிடும்.