‘பின்வாங்கல்’ அன்று, ‘விலக்கிக்கொள்ளல்’

ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிகாப்புப் படை ஒரு நாட்டைவிட்டு நீங்கும்போதெல்லாம், சென்னையில் அச்சாகும் செய்திகளிலும் இங்கிருந்து ஒளிபரப்பாகும் செய்தியறிக்கைகளிலும் ‘அமைதிப்படை பின்வாங்கியது’ என்ற தொடரைக் காண்கிறேன். 2023இல் மாலி நாட்டைப் பற்றிய செய்திகளில் இதைப் படித்தேன். அடுத்த ஆண்டு காங்கோவைப் பற்றிய செய்திகளில் மறுபடியும் கேட்டேன். செய்தியின் உள்ளே சொல்லப்படுவது ஒன்று, இந்தச் சொல் படிப்பவர் மனத்தில் எழுப்பும் காட்சி வேறொன்று. போரிட்டுத் தோற்று ஒரு படை ஓடுகிறது என்றே எந்தத் தமிழரும் இதைப் புரிந்துகொள்வார். நடந்தது அது அன்று.

மூலமான ஆங்கிலச் சொல் ‘வித்ட்ராயல்’. அதில் ‘ட்ரா’ என்பது இழுத்தல். ‘வித்’ என்பது இன்று ‘உடன்’ என்று பொருள்பட்டாலும், பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’ என்ற பொருளில் வழங்கியது, இந்தக் கூட்டுச்சொல்லில் ‘அப்பால்’, ‘பின்னோக்கி’ என்ற பொருளைத் தருகிறது. அப்பால் இழுத்துக்கொள்ளுதல் என்பதே அடிப்பொருள். வேர் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. சிக்கல் வேரில் இல்லை, வினையின் தன்மையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரே வினை, படை தானாக நீங்குவதற்கும் படையைப் பிறர் நீக்குவதற்கும் வடிவம் மாறாமல் பயன்படுகிறது. தமிழ் அப்படிப்பட்ட மொழி அன்று. விலகு, விலக்கு, திரும்பு, திருப்பு, நீங்கு, நீக்கு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் வைத்திருக்கிற மொழி. ஆகவே தமிழில் எழுதுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, செய்தவர் யார் என்பதே. அதைக் கேட்காமல் எழுதும்போதுதான் ‘பின்வாங்கல்’ வந்து விழுகிறது.

‘வாங்கு’ என்ற வினைக்கு இன்று கடையில் பொருள் பெறுதல் என்பதே முதற்பொருள். பழந்தமிழில் வளைத்தல், இழுத்தல் என்ற பொருள்கள் மேலோங்கியிருந்தன. வில்லை வாங்குதல் என்றால் நாணை இழுத்து வில்லை வளைத்தல். ‘கடல் உள்வாங்கியது’ என்று மெரினாவிலும் திருச்செந்தூரிலும் இன்றும் சொல்கிறோமே, அதில் அந்தப் பழம்பொருள் உயிரோடிருக்கிறது. அந்த அளவில் பார்த்தால், பின்னோக்கி இழுபடுதல் என்ற பொருளில் ‘பின்வாங்கல்’ மூலச்சொல்லுக்கு மிக நெருக்கமானது என்று வாதிடலாம், வாதிடுபவர்களும் உண்டு. ஆனால் ஒரு சொல்லின் பொருளை வேர் மட்டும் முடிவு செய்வதில்லை, வழக்கும் சேர்ந்தே முடிவு செய்கிறது. வழக்கில் ‘பின்வாங்கு’ இரண்டு இடங்களில்தான் வருகிறது. ஒன்று, எதிரியின் தாக்குதலைத் தாங்க முடியாத படை பின்வாங்குகிறது. மற்றொன்று, கொடுத்த வாக்கிலிருந்து ஒருவர் பின்வாங்குகிறார். முதலாவதில் தோல்வி உண்டு, இரண்டாவதில் நேர்மைக்குறைவு உண்டு. இரண்டிலும் வினையைச் செய்பவர் பின்வாங்குபவரே. அவரை அங்கு அனுப்பியவர் என்று ஒருவர் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. அமைதிகாப்புப் படைக்கோ அனுப்பியவர் இல்லாமல் இருப்பே இல்லை.

மாலியில் நடந்ததைப் பாருங்கள். 2013 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2100ஆம் எண் தீர்மானத்தின் மூலம் அங்கு ஓர் அமைதிகாப்புப் பணியை அமைத்தது. பின்னாளில் அதற்கு ஒப்புதலளிக்கப்பட்ட உச்ச அளவு 13,289 படைவீரர்கள், 1,920 காவலர்கள். ராணுவ ஆட்சி வந்தபின் அந்த நாட்டுக்கும் பணிக்கும் உறவு கெட்டது. 2023 ஜூன் 16 அன்று மாலியின் வெளியுறவு அமைச்சர் அப்துலாயே தியோப் பாதுகாப்பு அவையிலேயே, படை தாமதமின்றி வெளியேற வேண்டும் என்று கேட்டார். ஜூன் 30 அன்று 2690ஆம் தீர்மானம் நிறைவேறியது. பணி முடிவுக்கு வந்தது. டிசம்பர் 31க்குள் வீரர்கள் வெளியேற வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. கெடு வைத்தது அவை, போரில் வென்ற எதிரி அன்று. அந்த ஆறு மாதங்களில் வடக்கே கிடால் முகாமிலிருந்து புறப்பட்ட வீரர்கள் சாலை வழியாகக் காவோ நகருக்குச் சென்றபோது வழியில் வெடிகுண்டுகள் வெடித்துக் காயமடைந்தனர். பத்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்டவர்களை இழந்த ஒரு பணியின் முடிவை, ‘பின்வாங்கியது’ என்ற ஒரே சொல்லால் கோழைத்தனமாக மாற்றிவிடுகிறோம். இதை மொழிநுட்பம் பற்றிய சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இந்த வகை நிகழ்வுகளில் பழையதும் பெரியதும் 1967இல் எகிப்தில் நடந்தது. சூயஸ் நெருக்கடியை அடுத்து 1956 நவம்பரில் அமைக்கப்பட்ட ஐ.நா. அவசரப் படை, சினாய் எல்லையிலும் காசாவிலும் பத்தாண்டு நின்றது. இஸ்ரேல் தன் பக்கத்தில் அதற்கு இடம் தர மறுத்ததால், எகிப்தின் இசைவு ஒன்றே அதன் இருப்புக்கு ஆதாரமாக இருந்தது. 1967 மே 16 அன்று எகிப்தியத் தளபதியின் கடிதம், படையின் தளபதியாக இருந்த இந்தியர் இந்தர் ஜித் ரிக்கியிடம் வந்தது. இரண்டு நாள் கழித்து, படையை வெளியேற்றும்படி எகிப்து முறைப்படி கோரியது. ஐ.நா. தலைமைச் செயலர் ஊ தாண்ட், இசைவில்லாத மண்ணில் நிற்க உரிமையில்லை என்று முடிவெடுத்துப் படையை விலக்கிக்கொள்ள ஆணையிட்டார். ஜூன் 5 அன்று போர் மூண்டபோது முழுவதும் வெளியேறி முடிந்திருக்கவில்லை. காசாவில் இருந்த இந்திய வீரர்கள் சிலர் அதில் உயிரிழந்தனர். ஊ தாண்டின் முடிவு சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்த விவாதமே ‘முடிவெடுத்தவர் யார்’ என்பதைச் சுற்றித்தான் நடக்கிறது. ‘பின்வாங்கல்’ என்று எழுதினால் ஊ தாண்டும் மறைகிறார், எகிப்தும் மறைகிறது, விவாதத்துக்கே இடமில்லாமல் போகிறது.

எரித்ரியாவின் கதை இன்னும் தெளிவானது. எத்தியோப்பியாவுடன் போர் ஓய்ந்தபின் 2000இல் எல்லையில் ஐ.நா. பணி அமைந்தது. 2002இல் எல்லை ஆணையம் பாத்மே என்ற ஊரை எரித்ரியாவுக்கு என்று தீர்ப்பளித்தது. எத்தியோப்பியா அதை நடைமுறைப்படுத்தவில்லை. எரித்ரியாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை எரித்ரியா தீர்த்துக்கொண்டது அமைதிகாப்புப் படையிடம். 2005 அக்டோபரில் ஐ.நா. ஹெலிகாப்டர்கள் பறக்கத் தடை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க, ஐரோப்பிய நாட்டவரான பணியாளர்களை வெளியேறச் சொன்னது. 2007 டிசம்பரில் எரிபொருளை நிறுத்தியது. வண்டி ஓடாத படை என்ன காவல் காக்கும்? 2008 ஜூலையில் பாதுகாப்பு அவை பணியை முடித்துக்கொண்டது. இங்கே படை எந்தப் போர்க்களத்திலிருந்தும் பின்வாங்கவில்லை. செயல்பட முடியாதபடி செய்யப்பட்டு, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது.

‘பின்வாங்கல்’ வேண்டாம் என்றதும் பலர் கையிலெடுப்பது ‘வாபஸ்’. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல். வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ், வேலைநிறுத்தம் வாபஸ் என்று தமிழ்நாட்டு அரசியலில் ஊறிவிட்டது. பிறமொழிச் சொல் என்பதற்காக மட்டும் நான் அதை மறுக்கவில்லை, ஆயினும் தமிழில் நல்ல சொல் இருக்கும்போது அதை நாட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ‘அமைதிப்படை வாபஸ்’ என்ற தொடர் சென்னைக்காரர்கள் காதில் நிலைத்ததற்கு வரலாறு உண்டு. 1987 ஜூலை ஒப்பந்தப்படி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிகாப்புப் படையை வெளியேறும்படி 1989 ஜூனில் குடியரசுத் தலைவர் பிரேமதாசா கேட்டார், ராஜீவ் காந்தி உடனே இணங்கவில்லை, வி. பி. சிங் ஆட்சியில், 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. சென்னை திரும்பிய படையை வரவேற்க முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை. அந்த நாள்களின் செய்திமொழியையே இன்று மாலிக்கும் காங்கோவுக்கும் மாற்றாமல் போடுகிறோம். ஆனால் அது ஒரு நாடு அனுப்பி, அதே நாடு எடுத்துக்கொண்ட படை. பாதுகாப்பு அவைக்கோ சொந்தப் படை கிடையாது.

இதனால்தான் ‘திரும்பப் பெறுதல்’ என்பதையும் நான் இந்த இடத்தில் தவிர்க்கிறேன். அது நல்ல தமிழ். இலங்கைத் தமிழர் எழுதும் ‘மீளப்பெறல்’ அதைவிடச் செறிவானது. 1990இல் இந்தியா செய்ததற்கு இரண்டும் முழுமையாகப் பொருந்தும். ஆனால் மாலியிலிருந்து கிளம்பிய வங்கதேச வீரர் வங்கதேசத்துக்கும், சாடு நாட்டு வீரர் சாடுக்கும் போகிறார். நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகம் எதையும் திரும்பப் பெறவில்லை. தன் வீரர்களை மட்டும் ஒரு நாடு ஊருக்கு வரச் சொன்னால், தூதரைத் திரும்ப அழைப்பதுபோல, அதைத் ‘திரும்ப அழைத்தல்’ எனலாம். ‘திரும்பப் பெறுதல்’ மிகச் சரியாகப் பொருந்தும் இடம் வேறு: படை தன் மண்ணில் இருக்கலாம் என்று தந்த இசைவை அந்த நாடு திரும்பப் பெறுகிறது. அவை படையை விலக்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு செயலுக்கும் ஒரே சொல்தான் வருகிறது; நாமும் ஒரே சொல்லைப் போட்டால், யாருடைய செயல் எதற்குக் காரணம் என்பது குழம்பிவிடும். ‘படைமீட்பு’ என்று அண்மையில் ஒருவர் எழுதியிருந்தது இன்னும் கெடுதல். மீட்டல் என்றால் பிறர் கவர்ந்ததைக் கைப்பற்றுதல். நிரை மீட்டல் என்று புறத்திணை சொல்வது அதைத்தான். படையை யாரோ சிறைபிடித்ததாகப் படிப்பவர் எண்ணுவார்.

‘விலகல்’ என்றும் எழுதக் கூடாது. கட்சியிலிருந்து விலகுபவர் தானே விலகுகிறார். ‘விலக்கல்’ பிறவினை, அதோடு ‘கொள்’ என்ற துணைவினை சேரும்போது, செய்பவர் தனக்குரியதைத் தானே அப்புறப்படுத்துகிறார் என்ற நுட்பம் வந்துவிடுகிறது. ‘கையை விலக்கினான்’ என்றால் யாருடைய கையாகவும் இருக்கலாம். ‘கையை விலக்கிக்கொண்டான்’ என்றால் தன் கைதான். தான் அமைத்த பணியைத் தானே அகற்றும் அவைக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. தலைப்புக்கு நீளம் என்பவர்கள் ‘மாலியிலிருந்து ஐ.நா. படை விலக்கல்’ என்று எழுதட்டும், பொருள் கெடாது.

இதே செய்திகளில் என்னை வருத்தும் இன்னொரு தொடர் ‘விருந்தளிக்கும் நாடு’. ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ என்று இருப்பதைப் பார்த்ததும் விருந்து நினைவுக்கு வந்திருக்கிறது. ஹெலிகாப்டருக்குத் தடை போட்டு, எரிபொருளை நிறுத்திய நாட்டை விருந்தளிக்கும் நாடு என்று எழுதும்போது, எழுதுபவர் தன் வாக்கியத்தைத் தானே படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ‘இடமளித்த நாடு’ என்றால் போதும். அதுபோலவே ‘ஒத்துழையாமை’யைக் கவனமாகக் கையாள வேண்டும். 1920இல் காந்தியார் தொடங்கிய இயக்கத்தால் அந்தச் சொல்லுக்கு அறத்தின் சாயல் ஏறியிருக்கிறது. அரசொன்று படையின் வழியை மறிப்பதை ‘ஒத்துழைக்க மறுத்தல்’ என்று வினையாக எழுதினால் அந்தச் சாயல் ஒட்டாது.

மொழிபெயர்ப்பாளர்களின் அவசரம் எனக்குத் தெரியாததன்று. செய்தி நிறுவனத்தின் நான்கு வரியை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் எழுதித் தரவேண்டிய நிலையில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்பு அவைத் தீர்மானம் எதுவும் ரகசிய ஆவணம் அன்று. அதைத் திறந்து படித்தால், ஒரு பணி முடிவதில் எத்தனை படிகள் உண்டு என்பது தெரியும். முதலில் ஆள்குறைப்பு, பிறகு விலக்கல், கடைசியில் முகாம்களையும் வண்டிகளையும் ஒப்படைத்துக் கணக்கை முடித்தல். மாலியில் அந்தக் கடைசிப் படி 2024 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. காங்கோவிலோ, 2023 டிசம்பரின் 2717ஆம் தீர்மானத்தை அடுத்து, 2024 ஜூனில் தெற்குக் கிவு மாகாணத்தில் மட்டும் பணி முடிந்தது. வடக்குக் கிவுவில் படை தொடர்ந்து நின்றது. அதையும் ‘காங்கோவிலிருந்து பின்வாங்கியது’ என்றுதான் நம் செய்தியறிக்கையில் கேட்டேன். ‘காங்கோ அரசின் கோரிக்கையை ஏற்று, தெற்குக் கிவுவில் இருந்த அமைதிகாப்புப் படையை ஐ.நா. விலக்கிக்கொண்டது’ என்று எழுதியிருக்க வேண்டும்.