மிளகாய்த் தூளில் சந்தேகமா? கொட்டிவிடாதீர்கள்

உணவில் கலப்படம் செய்வதும் கலப்படப் பொருளை விற்பதும் இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் நம் சமையலறைச் சோதனை வழக்குக்குச் சாட்சியாகாது, சந்தேகத்தைத்தான் எழுப்பும். அந்தச் சந்தேகத்தை உரிய இடத்துக்குக் கொண்டுபோவதே நம் வேலை.

மிளகாய்த் தூளில் தொடங்கலாம். ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரின் மேல் அரைக் கரண்டி தூளைத் தூவி, கலக்காமல் பாருங்கள். மிளகாயின் இயற்கைச் சிவப்பு எண்ணெயில் கரையும், தண்ணீரில் லேசில் இறங்காது. தூவிய உடனே சிவப்புக் கோடுகளாக இறங்கினால் சாயம் சேர்ந்திருக்கலாம். அடியில் தங்கியதை விரல்களுக்கிடையில் தேய்த்து நறநறவென்றால் செங்கல் தூளோ மணலோ என்று யோசிக்க வேண்டும். தூள் அடியில் தங்குவது மட்டும் குற்றமல்ல, நல்ல தூளும் ஊறினால் இறங்கும். இன்னொன்று, சூடான் என்ற தடைசெய்யப்பட்ட சாயமும் எண்ணெயில்தான் கரையும். அதைத் தண்ணீர் காட்டிக் கொடுக்காது.

தேங்காய் எண்ணெய்க்குப் பிரிட்ஜ் போதும். போன மாதம் வீட்டுக்கு வாங்கிய உதிரி எண்ணெயைச் சின்னக் கிளாஸில் ஊற்றி ஒரு மணித்தியாலம் வைத்தேன். அடியில் வெள்ளையாக உறைந்து, மேலே ஒரு விரல் உயரத்துக்கு மஞ்சள் எண்ணெய் அப்படியே நின்றது. சுத்தமான தேங்காய் எண்ணெய் முழுவதும் உறைய வேண்டும். அதற்காக முழுவதும் உறைந்தாலே நல்லது என்று இல்லை, பாம் எண்ணெயிலும் உறையும் வகை உண்டு. 2021இல் பெரிதாகப் பேசப்பட்ட அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சை ஆய்வுகூடத்தில் மட்டுமே கண்டுபிடிக்கலாம்.

தேயிலைத் தூளை நனைந்த வெள்ளைக் கடதாசியில் தூவுங்கள், உடனே சாயம் பரவினால் சந்தேகம். காய்ந்த தூளை நாக்கில் வைத்து இனித்தால் சீனி கலந்தது. மிளகைத் தண்ணீரில் போட்டால் பப்பாசி விதை மிதக்கும். சொத்தை மிளகும் மிதக்கும் என்பதால், மிதந்ததை நசுக்கி மணந்து பாருங்கள்.

மஞ்சளில் மாவு இருக்கிறதா என்று அயடின் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நம்பாதீர்கள். மஞ்சளிலேயே மாப்பொருள் இருப்பதால் நல்ல தூளும் கறுக்கும். அமிலம் ஊற்றும் சோதனையோ பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்கு வேண்டாத வேலை.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. எரிச்சலில் தூளைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதுதான் நாம் வழக்கமாகச் செய்கிற பிழை. மிச்சத்தை அதே பைக்கற்றில் கட்டி, திகதியும் தொகுதி இலக்கமும் தெரிய வையுங்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்திலும், வெளியே என்றால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், நாம் பி.எச்.ஐ. என்பவரிடம், சொல்லுங்கள். கடைக்குப் போய் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. வழக்குக்கு நிற்பது அந்த அறிக்கைதான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். எழுத்தில் முறையிடுவதென்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பில்லைத் தேடுவோம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சாமான் கட்டும் அவசரத்தில் யார் பில் கேட்கிறார்கள்? ஆனால் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தே ஆக வேண்டும், அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. என் எண்ணெய்க்குப் பில் இல்லை. அடுத்த போத்தலுக்குக் கேட்டு வாங்கினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே எழுதித் தந்தார்.